பெண் தட்டில் ஆண் பூச்சிகள்

மார்ச் 3
பட்டுப்புழு முட்டை உற்பத்தி நிலையத்தில் இன்று நாலாயிரம் கூட்டுப்புழு. வாயாடி என்று நான் கூப்பிடும் புதுப் பெண்ணும் நானும் ஒரே மேசையில் ஆண், பெண் பிரித்தோம். வால் பக்கம் மெல்லிய கோடு இருந்தால் பெண், சின்னப் புள்ளி இருந்தால் ஆண். பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். இன்று விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தும் கலங்கலாகத்தான் தெரிந்தது. கொஞ்சத்தைக் குத்துமதிப்பாகப் போட்டேன். "அண்ணே, அது நவரத்தினமா, அப்படிப் பார்க்கிறீங்க?" என்று சிரித்தாள். சாயங்காலம் அவள் கிளம்பிப் போனபின் என்னோடு பேச ஆளில்லை. வீட்டில் சுவர்தான்.

மார்ச் 4
கண் டாக்டரிடம் போகணும். போனால் மேசையிலிருந்து தூக்கிவிடுவார்களோ? போகவில்லை.

மார்ச் 10
நாசமாப் போச்சு. காலையில் பூச்சிகள் வெளிவந்துவிட்டன. கசங்கிய ஈரச் சிறகு விரிந்து காய்ந்ததுமே தெரிந்துவிட்டது, பெண் தட்டில் ஆண்கள்! பெண்பூச்சி முட்டை நிறைந்த வயிற்றோடு, வால்நுனி வாசனைச் சுரப்பியை நீட்டியபடி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆண் சீப்பு மாதிரி உணர்கொம்பை ஆட்டி, பறக்க உதவாத சிறகைப் படபடவென்று அடித்துத் தேடி ஓடும். ஒரே தட்டில் விட்டால் கேட்கவா வேணும்? எங்களுடையது கலப்பின முட்டை. பெண்ணுக்கு வேறு இனத்து ஆணைத்தான் சேர்க்கணும். ஆறு தட்டு குப்பைக்குப் போனது.
"யார் பிரிச்சது?" என்றார் சூப்பர்வைசர். என்னைப் பார்க்கவேயில்லை. நேரே அவளைப் பார்த்தார். வந்து எட்டு மாசம்தானே. நான் வாயைத் திறக்கவில்லை. பாவி.

மார்ச் 11
அவளைக் கூட்டை வெட்டிக் கூட்டுப்புழுவை வெளியே எடுக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். இன்னொரு தப்பு நடந்தால் வேலையே போய்விடுமாம். மேசையில் நான் மட்டும்.

மார்ச் 12
இந்தப் பூச்சிக்கு வாய் பேருக்குத்தான். தின்னாது, குடிக்காது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் செத்துப்போகும். அதுக்கு அமைப்பு அப்படி. எனக்கு என்ன கேடு? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க—

மார்ச் 14
சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். "கண்ணு சரியா தெரியல சார். தப்பு என்னோடது." அவர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "கண்ணாடி போட்டுட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்! இதுக்கா இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைச்சேன்?

மார்ச் 20
கண்ணாடி வந்துவிட்டது. கோடு பளிச்சென்று தெரிகிறது.
அவளை மேசைக்குத் திரும்பக் கூப்பிட்டாராம் சூப்பர்வைசர். "இங்கயே இருக்கேன் சார்" என்றாளாம். மனசு கேட்கவில்லை, நானே போனேன். "ஏம்மா வரமாட்டேங்கிற?"
அவள் கூட்டையும் கத்தியையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அது உங்க கைத்தப்புன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்ண்ணே. காட்டிக் கொடுக்க மனசு வரல. நீங்களா சொல்வீங்கன்னு நாலு நாள் பார்த்தேன்."
மன்னிச்சிடும்மா என்றேன். "சரிண்ணே" என்றாள். அடுத்த கூட்டை எடுத்து வெட்டினாள்.
மேசைக்கு வந்து தனியாக மூவாயிரம் பிரித்தேன். ஒன்றைக்கூடக் குத்துமதிப்பாகப் போடவில்லை.