வாழை கட்டாத நாளில் மங்கிய குவாசர்

லாரியைக்கூடச் சாமி என்று கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

போன வாரம் பட்டப்பகலில், வானத்து அலையின் அளவைத் தாளில் கோடாக வரையும் பேனா மறுபடியும் இறங்கியதுங்க அப்பா. அயோத்தியாப்பட்டணத்துக்கு வெளியே காட்டில் நிற்கும் எங்கள் ரேடியோ தொலைநோக்கிக்குத்தான் இரவு பகல் எல்லாம் ஒன்றாயிற்றே. என்ஜினியர் கேட்டார், "மறுபடியும் யாரும் வாழை கட்டலையே, மேடம்?"

போன ஆயுத பூஜைக்கு மோகனூரிலிருந்து லாரியில் வந்து இறங்கினீர்களே, நினைவிருக்கிறதா? "ஏஞ்சாமி, பூசையன்னிக்கு மெசினை மொட்டையா உடலாமா?" என்று சொல்லி, நான் டீ வாங்கி வருவதற்குள் ஏறிப்போய், வானத்து ரேடியோ அலையை வாங்கும் குழலுக்கு முன்னால் இரண்டு வாழைக்கன்றைக் கட்டிவிட்டீர்கள். பக்கவாட்டில்தான் கட்டியிருப்பீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஈர இலை அலையைக் குடித்துவிட்டது.

அந்த நேரத்தில் நான் எதற்காகக் காத்திருந்தேன் தெரியுமா? வானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குவாசர், வெகு தொலைவிலிருந்து ஒளியும் ரேடியோ அலையும் வீசும் புள்ளிகள். அவை இரண்டல்ல, ஒன்றுதான், நடுவில் இருக்கும் விண்மீன் மண்டலம் ஒளியை வளைத்து இரண்டாகக் காட்டுகிறது என்பது என் வாதம். ஒளி வரும் இரண்டு பாதைகளில் ஒன்று நீளம். அதனால் முதல் பிம்பம் மங்கினால், மற்றதும் பிந்தி மங்கவேண்டும். முதலாவது மங்கியதை வெளிநாட்டில் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் வேலை செய்யும் என் தோழி பார்த்துவிட்டாள். அடுத்தது மங்காவிட்டால் என் ஆய்வு குப்பைக்குப் போகும்.

அன்று பேனா இறங்கியதும், குவாசர்தான் மங்கியது என்று குதித்துக்கொண்டு அவளுக்குத் தந்தி கொடுத்தேன். இரண்டாவது மங்கவேயில்லை என்று பதில் வந்தது. கன்று காய்ந்ததும் பேனா தானாக ஏறிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். "என்னால உம்பேரு கெட்டுப்போச்சா சாமி?" என்று கேட்டீர்கள். "இல்லீங்கப்பா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நம்பாமலேயே மாசியில் போய்ச் சேர்ந்தீர்கள்.

இந்த முறை நானே ஏறிப் பார்த்தேன். ஒரு சருகுகூட இல்லை. ஒயர், அலையைப் பெருக்கும் கருவி, மின்சாரம் எல்லாம் சரி. "இதுவும் தப்பாப் போனா நம்மளை யாரும் மதிக்கமாட்டாங்க, தந்தி வேண்டாம்" என்றார் என்ஜினியர். இருந்தும் தந்தி கொடுத்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இன்று காலை பதில் வந்தது. இரண்டாவதும் மங்கிவிட்டது. அவை ஒன்றேதான்.

படித்ததும் உங்கள்மேல்தான் கோபம் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கக் கூடாதா?

அம்மா இன்னும், "உங்கப்பாதான் கெடுத்துப்போட்டாங்க கண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள். நாளை மோகனூர் போகிறேன். அவளை உட்காரவைத்துச் சொல்லுவேன், இது சத்தியம். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. அது மங்கப் போகிறது என்று வாழை கட்டிக் கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் சொல்லை இன்று மெய்யாக்கிய
மூத்த மகள்