பொங்கலுக்குக் கழுவிய கூடு

என் அன்பு அக்கா,

நீங்கள் போய் ஒரு வருடமாகப் போகிறது. ஹம்பேர்க்கில் மறுபடி குளிர் தொடங்கிவிட்டது. நேற்றும் காட்டு வாத்துகள் கூட்டமாகத் தெற்கே போயின; பல்கனியில் நின்று பார்த்தேன். பறவை என்றாலே கொட்டாவி விடும் உங்கள் தங்கச்சி இப்படி மாறிவிட்டாள் என்றால் நம்புவீர்களா?

ஒரு குற்றத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தை பிறக்குமுன் வீடு முழுக்கக் கழுவுவது நம்முடைய வழக்கம். நீங்கள் செத்து ஒரு வருடம் ஆகாமல், ஆட்டைத் திவசம் முடியாததால் போன தையில் நமக்குப் பொங்கல் இல்லை. "பொங்கலே இல்லை, பிறகேன் இந்தக் கழுவல்?" என்று இவர் கேட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. சுவர், யன்னல், அலுமாரி எல்லாம் முடித்துவிட்டு, உங்கள் அறைப் பல்கனியில் நீங்கள் குருவிகளுக்காகத் தொங்கவிட்ட மரக்கூட்டையும் இறக்கினேன். உள்ளே பழைய பாசியும் இறகும் எச்சமும். அக்காவின் பொருள் இப்படியா கிடப்பது என்று அள்ளிக் கொட்டி, சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, ஈரத்தோடு மாட்டிவிட்டேன். நல்ல காரியம் செய்த பெருமை வேறு.

அன்று பின்னேரம் நான்கு மணிக்கு அது வந்தது. நீங்கள் 'நீலத்தொப்பி' என்று பெயர் வைத்த குட்டிக் குருவி. ஓட்டைக்குள் தலையை விட்டது, எடுத்தது. இன்னொரு தடவை விட்டது. பிறகு பறந்துபோய்விட்டது. உள்ளே ஈரம் உறைந்து போயிருந்தது. மாரிக் குளிர் முழுக்க அது இரவில் அங்கேதான் தூங்கும், கூட்டைச் செப்டெம்பரில்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஹெல்கா மெதுவாகச் சொன்னார். உங்களுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தாராம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்து, "வந்திட்டுதோ?" என்று கேட்பீர்கள். "ஓம் அக்கா, வந்திட்டுது" என்பேன். நான் அடுப்படியில் நிற்பேன், அக்கா. ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. தீனி தின்ன வந்ததா என்று கேட்கிறீர்கள் என்றே நினைத்தேன். இருட்டுமுன் வீடு திரும்பியதா என்றல்லவா கேட்டிருக்கிறீர்கள். என் பொய்யை நம்பித்தான் தூங்கினீர்களா? தெரிந்தும் பேசாமல் விட்டீர்களா?

அந்தக் கிழமை முழுக்கக் கூடு வெறுமையாகவே கிடந்தது. விறைத்துச் செத்திருக்குமோ என்று அழுதேன். உங்கள் செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

பங்குனியில் கறுப்புக் குருவி பாடத் தொடங்கியது. சித்திரையில் நீலத்தொப்பிச் சோடி ஒன்று கூட்டுக்கு அலகில் பாசி காவிக்கொண்டு வந்தது. அதே குருவியா? முகம் பார்த்துச் சொல்ல முடியாது என்கிறார் ஹெல்கா. எனக்கும் தெரியாது. வைகாசியில் ஏழு குஞ்சுகள் வெளியே பறந்தன. கடைசிக் குஞ்சு மட்டும் அரை நாள் வாசலில் இருந்து யோசித்தது, கடைக்குப் புறப்படும்போது நீங்கள் யோசிப்பது போல.

செப்டெம்பரில் கூட்டைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து மாட்டினேன். வருகிற தைக்கு வீடெல்லாம் கழுவுவேன். கூட்டில் மட்டும் கை வைக்க மாட்டேன். இனி உங்களுக்கு என் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் சொல்வேன்.

இன்று நான்கரைக்கு ஒரு நீலத்தொப்பி உள்ளே போனது. இருட்டும்வரை கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அது வெளியே வரவில்லை. நிம்மதியாகப் படுங்கோ, அக்கா.

உங்கள் தங்கச்சி,
வசந்தி