வெட்டாத விலை அட்டை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. கடையில் ஈ ஓட்டவில்லை, அதுவே போதும்.

அவள் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்த ஊர்க் குளிருக்கு நீ வாங்கிக் கொடுத்த நீலக் கோட்டுப் புராணம் இன்னும் ஓயவில்லை. மாடி வீட்டு அம்மாளிடம் சொல்கிறாள்: "விலை அட்டையைக்கூட வெட்ட விடலங்க! கையில குத்துதுடான்னா, உள்ள சுருட்டி விட்டுக்கோம்மா, அப்படியே இருக்கட்டும்ங்கறான். அவ்வளவு பத்திரம்! அடுத்த தடவைக்கு அங்கேயே மாட்டிட்டு வந்திருக்கேன்."

நான் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஆயுசெல்லாம் துணி விற்றவனுக்கு, வெட்டாத அட்டை என்ன சொல்கிறது என்று தெரியாதா?

அதனால்தான் கடையிலிருந்து போன் செய்து கேட்டேன். நீ சிரித்தாய். "அம்மா கிளம்பினதும் திருப்பிக் கொடுத்துட்டேன்பா. முழுப் பணமும் வந்துடுச்சு. கடைக்காரனே காரணம் கேக்கல, நீங்க ஏன்பா கேக்கறீங்க?" என்றாய். போனை வைத்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

நம் கடையில் நானும் காரணம் கேட்பதில்லை. உடுத்திவிட்டுக் கொண்டுவந்த சட்டையைக் கழுத்துப்பட்டியே காட்டிக்கொடுத்துவிடும். தெரிந்தேதான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அளவு சேராமல் உண்மையாகவே திருப்ப வருகிறவர்கள் கூசக் கூடாதே என்று திறந்துவைத்த கதவு அது. அதில் புகுந்து போகிறவனைச் சட்டம் திருடன் என்று சொல்லாது, நானும் சொல்லமாட்டேன். அவன் படியிறங்கியதும் கல்லாவில் இருக்கிற பெண்தான் சொல்லுவாள்: "இதெல்லாம் ஒரு பொழப்பாண்ணே?" உன் முதுகுக்குப் பின்னாலும் ஒருத்தி சொல்லியிருப்பாள்.

கடை தாங்கும். பெரிய கடை. அம்மா தாங்கமாட்டாள்.

கோட்டுப் பையில் பூச்சி உருண்டை போட்டு வைக்கச் சொல்லி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

குளிர்காலத்தில் மறுபடி உன்னிடம் வருகிறாள், டிக்கெட் போட்டாயிற்று. அதற்குள் அதே நீலம், அதே அளவில் ஒன்று வாங்கி அலமாரியில் மாட்டி வை. தள்ளுபடிக் குவியலில் தேடாதே. அங்கே கிடப்பது வேறு யாருடைய அம்மாவோ போட்டுத் திரும்பி வந்ததாக இருக்கும்.

வந்து இறங்கியதும் கத்தரியை அவள் கையில் கொடு. அட்டையை அவளே வெட்டட்டும்.

நாளைக்கு உன் பிள்ளைகள் உனக்கு வாங்கித் தருவது உன்னிடமே தங்கட்டும். அதுதான் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அப்பா