பேரீச்சங்கொட்டைக் காபி

இந்தாங்க, கருங்குழி நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பிவிட்டேன். போகாவிட்டால் யார் யார் இரவல் நகையில் வந்தார்கள் என்று எனக்கு யார் சொல்வார்கள்?

இட்லி மூடியிருக்கிறது. காபித் தூளைத் தேடாதீர்கள், ஒளித்துவிட்டேன். பக்கத்து வீட்டு நர்ஸ் ஷரீபுன்னிசா ஒரு டம்ளர் கொண்டுவருவாள். இன்றும் நாளையும் ஒருநாள் காபி, ஒருநாள் காபி மாதிரியே கசக்கும் வறுத்த பேரீச்சங்கொட்டைத் தூள். எது எதுவென்று சொல்லமாட்டாள். குடித்ததும் நாடி பார்ப்பாள்.

நேற்று முதலில் தானே இரண்டையும் குடித்து, நீட்டிய கைமேல் காகிதத்தை வைத்து, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் தற்செயலாகப் போனபோதுதான் கண்டேன்.

"இன்னாடி கூத்து?" என்றேன்.

"அண்ணாத்தைக்கு நெஞ்சு அடிச்சிக்கினு கீதுன்னியேக்கா. நெஞ்சு நோவா, காபியான்னு பாக்க வாணாமா?"

கெட்டிக்காரி! நெஞ்சைப் பிடித்துக்கொண்டே அடுத்த காபி கேட்கிற உங்களுக்கும் எனக்கும் இது தோன்றவில்லையே!

காபி குடித்த நாளில் மட்டும் படபடத்தால் பயமில்லையாம். காபியையும் உயில் பேச்சையும் விடுங்கள். நானும் காபியை விட்டுவிடுகிறேன்.

காபித் தூள் இருக்கும் அலமாரிச் சாவி ஷரீபாவிடம்.

பின்குறிப்பு: நேற்று நீங்கள் "செத்துடுவேன்" என்றதற்கு "போனா போங்க" என்றேன். பிறகு விடியும்வரை உங்கள் மூச்சைக் கேட்டபடி விழித்திருந்தேன். அதற்குக் காபி காரணமில்லை.