ஊர் நேரத்தில் ஓடிய கணினி

இன்று வீட்டுக்குக் கீழே நிலவறையை, இங்கத்தைய கெலரை, ஒதுக்கும்போது அடுக்கின் அடியிலிருந்து ஒரு மஞ்சள் நெட்வேர்க் கேபிள் கையில் வந்தது. உம்முடையதுதான். முனையில் கிளிப் உடைந்த இடத்தில் நீர் சுற்றிய பிளாஸ்டர் இன்னும் இருக்கிறது. குப்பைப் பையைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஜெர்மனியில், எசன் பங்குக் கோவில் மண்டபத்தில் உம்முடைய அம்மாவுக்கு நினைவுப் பூசை வைத்த சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. மன்னாரில் அவரை அடக்கம் செய்தபோது, அகதிப் பாஸ்போட்டோடு உம்மாலும் அக்காவாலும் போக முடியவில்லை. லண்டன் மச்சான் அனுப்பிய அடக்க வீடியோவை உம்முடைய லினக்ஸ் கணினியில் இறக்கி வைத்திருந்தீர். அதில் படம் ஓடவில்லை. யூ.எஸ்.பி. குச்சியிலும் அடங்கவில்லை. மண்டபத்து விண்டோஸ் கணினிக்கு அனுப்பினால்தான் பார்க்கலாம். விண்டோஸ் பாவிக்கும் என்னை நீர் ஞானஸ்நானம் பெறாதவன் என்று பகிடி பண்ணுவீர். அன்று பகிடி ஒன்றும் வரவில்லை.

கேபிளைச் செருகியதும் இரண்டு கணினியும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. பகிர்ந்த கோப்புறையின் பெயர்கூடத் தெரிந்தது. திறக்கப் போனால் கடவுச்சொல் பிழை என்றது. நான் கடவுச்சொல்லை மாற்றினேன், பாதுகாப்புச் சுவரை நிறுத்தினேன். நீர் உம்முடைய பக்கத்து அமைப்புகளைத் திருப்பித் திருப்பி எழுதினீர். அதே பதில்தான்.

டுசல்டோர்ஃபிலிருந்து வந்த அக்கா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, அம்மான்ர முகத்தைப் பாக்கலாமோ, ஏலாதோ? ஒண்டைச் சொல்லு."

நீர் கடவுச்சொல்லைத் திரும்பவும் அடித்தீர்.

தற்செயலாகத்தான் உம்முடைய திரையின் மூலை என் கண்ணில் பட்டது. வெளியே கோவில் மணி மதியம் அடிக்கிறது, திரையின் மணிக்கூட்டிலோ பின்னேரம்.

"உம்மட மணிக்கூடு பிழையாய் ஓடுது," என்றேன்.

"பிழையில்லை. அது ஊர் நேரம். அம்மா பூசையால வந்திட்டாவோ, படுத்திட்டாவோ எண்டு அதைப் பாத்துத்தானே ரெலிபோன் எடுக்கிறனான்."

நேர வலயத்தை இலங்கை என்று மாற்றியிருந்தால் சிக்கல் வந்திராது. நீரோ வலயத்தை ஜெர்மனி என்றே விட்டுவிட்டு, மணிக்கூட்டை மட்டும் முன்னால் தள்ளி வைத்திருந்தீர். அந்த விண்டோஸ் கணினியோ, கடவுச்சொல்லோடு அனுப்புகிறவரின் நேரத்தையும் பார்க்கும். மணிக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் உள்ளே விடாது.

இத்தனை வருடமும் எசனில் பஸ் பிடித்து, எசனில் வேலைக்குப் போய், வீட்டு மேசையில் நீர் அம்மாவின் நேரத்தில் இருந்திருக்கிறீர். பக்கத்து வீதியில் இருந்த எனக்கு அது தெரியவில்லை.

மவுஸை அந்த மணிக்கூடு வரை கொண்டுபோனீர். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டீர்.

"நீரே மாத்தும். எனக்கு ஏலாது."

மாற்றினேன். கடவுச்சொல் ஏற்றுக்கொண்டது, கோப்பு நகரத் தொடங்கியது. பிறகு மண்டபத்துப் புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் அம்மா தெரிந்தார், வெள்ளைச் சேலையும் கையில் செபமாலையுமாக. அக்கா எழுந்து போய்ச் சுவரில் அந்தக் கன்னத்தைத் தடவினார். நீர் இருந்த இடத்திலேயே முழந்தாளிட்டீர். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஏன் கழற்றினேன் என்று இன்றும் தெரியாது.

பூசை முடிந்து கணினியைக் கட்டுமுன், மணிக்கூட்டைத் திரும்பவும் ஊர் நேரத்துக்கு வைத்தீர்.

"இனி ஆருக்கு?" என்று கேட்டேன்.

"அவ அங்கதானே படுத்திருக்கிறா," என்றீர்.

அன்றிலிருந்து நானும் உம்முடைய நேரத்தைப் பார்க்கப் பழகினேன். உமக்கு இரவு வேலை, பகலில் தூங்குவீர் என்று பின்னேரம் வரை அழைக்கமாட்டேன். உம்மை இங்கே எசனில்தான் அடக்கம் செய்தோம். வீட்டிலிருந்து நடக்கிற தூரம். காலையில் எனக்கு ஓய்வு இருந்தாலும், உம்முடைய கல்லறைக்குப் பின்னேரம்தான் வருகிறேன்.