நிறுத்தச் சொன்ன நினைவூட்டல்

இன்று காலை ராஜபாளையம் பேருந்தில் நம் ஆலையின் சலவைப் பிரிவுப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எத்தனை முறை துவைத்தாலும் சேலையை விட்டுப் போகாத அந்தப் பிளீச்சிங் வாடை. நீதான் என்று ஒரு கணம் நம்பித் திரும்பிவிட்டேன்.

நாம் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒன்றாகத்தான் அந்தப் பேண்டேஜ் துணி ஆலைக்குப் போய் வந்தோம். சலவைப் பிரிவுக்கு நீ சூப்பர்வைசர்; எனக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. மெஷின் பழுது என்று நீ அனுப்பும் மெயிலைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள் என்று புலம்புவாய். அதற்காகத்தான் மெயிலுக்குள்ளேயே திறக்கும் புகார்ப் படிவம் ஒன்றைச் செய்தேன். அதன் பின்னால் நான் எழுதிய ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராம், 'சரிசெய்தாயிற்று' என்ற கட்டத்தில் டிக் விழும்வரை தினமும் காலையில் அதே புகாரை இன்ஜினியருக்குத் திரும்ப அனுப்பும். முதல் சோதனையில், சரியாகிவிட்ட மெஷினுக்கும் விடாமல் நினைவூட்டல் போய்க்கொண்டிருந்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

துணி உலர்த்தும் மெஷினில் கை வைத்தால் கரண்ட் அடிக்கிறது என்று நீ புகார் அனுப்பினாய். இன்ஜினியர் மெஷினைத் தொடாமலே டிக் போட்டார். புகார் கொடுத்தவர் மட்டுமே டிக் போட முடியும் என்று ஸ்கிரிப்டை மாற்றினேன். பிறகும் சரிசெய்யாததால் நினைவூட்டலை மேனேஜருக்கும் போகவைத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு, இன்பாக்ஸ் முழுக்க இதுதான் இருக்கிறது, நிறுத்து என்றார். மெஷினைச் சரிசெய்தால் தானே நின்றுவிடும் என்றேன். மறுநாள் வெளியாள் ஒருவரை வரவழைத்து ஸ்கிரிப்டையே எடுக்க வைத்தார்.

மதியச் சாப்பாட்டின்போது நான் அழுததைப் பார்த்து நீ சொன்னாய்: "விடுட்டி. ஒன் மெயிலு போவலன்னா என்ன, நானே தெனமும் போயி நிக்கேன்."

அப்படியே இன்ஜினியர் முன்னால் போய் நின்றாய். மெஷினுக்குச் சாமான் வரவேண்டும் என்றே ஒவ்வொரு நாளும் பதில் வந்தது.

அன்று மழை; தரையெல்லாம் ஈரம். மெஷினில் சிக்கிய துணியை இழுக்கப் புதிதாகச் சேர்ந்த பெண் கை நீட்டினாள். அவளைத் தள்ளிவிட்டு, பழகிய மெஷின்தானே என்று நீ கை வைத்தாய். நான் ஓடி வந்தபோது மெயின் சுவிட்சை அணைத்திருந்தார்கள். ஈரத் துணிகளின் மேல் கிடந்தாய். உன் கையைப் பிடித்தேன், சூடு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்வரை அந்தச் சூட்டை நம்பிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"தெரிஞ்சுதான ஓட்டுனாவ?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அந்த மெஷினை ஒரு காலைப் பொழுதில் சரிசெய்துவிட்டார்கள். அவ்வளவுதான் வேலை. இன்ஜினியர் வேறு ஆலைக்குப் போய்விட்டார். எடுக்கச் சொன்ன ஸ்கிரிப்டைத் திரும்பப் போடும்படி மேனேஜரே என்னிடம் சொன்னார். போட்டேன். என் விரல்கள் எழுதின. மனசு மரத்துக் கிடந்தது.

இப்போதெல்லாம் ஒரே புகாருக்கு இரண்டாவது நினைவூட்டல் வந்தால் நான் ஆபீஸில் உட்கார்ந்திருப்பதில்லை. கீழே இறங்கிப் போய் அந்த மெஷினை அணைத்துவிடுகிறேன். போன வாரமும் அணைத்தேன். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார்.

"சரியாகட்டும் சார், பொறவு போடுதேன்" என்றேன்.

சுவிட்சின் மேல் இருந்த என் கையை எடுக்கவில்லை.