பனிமூட்டத்தில் நின்ற கப்பலும் ஈஸ்வரியின் கட்டுரையும்

என் உசுருப் பங்காளி செல்வத்துக்கு,

நீ போனதுக்கப்புறம் இது ரெண்டாவது ஏலக்காய் சீசன். நல்லாருக்கியான்னு கேக்க மாட்டேன். செத்தவன்கிட்ட அதைக் கேக்குறது மடத்தனம். நேரா சேதிக்கு வர்றேன்.

உன் தங்கச்சி ஈஸ்வரி பத்தாவது படிக்கிறா. மத்த பாடம் பயமில்ல, இங்கிலீஷ்தான் இடிக்குது. "இதுல போச்சுன்னா எங்கூட ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பு ஏறிரு"ன்னு உங்காத்தா சொல்லிருச்சு. அது சும்மா மிரட்டாதுன்னு உனக்கே தெரியும்.

நான் ஏலக்காய் ஸ்டோர்ல மெஷின் பாக்குறவன், வாத்தியார் இல்ல. இருந்தும் ஞாயித்துக்கிழமை அவகூட உக்காந்தேன். துணைப்பாடத்துல ஒரு கதை, ஒரு பயணக் கட்டுரை. கதையில ஒரு கேப்டன் பனிமூட்டத்துல கப்பலை நிறுத்திடுறான். அவன் கோழையா? கதை, பயணக் கட்டுரை ரெண்டையும் ஆராய்ஞ்சு ஈஸ்வரி ஒரு கட்டுரை எழுதணும். கடையில வாங்குன நோட்ஸ்ல "கோழைதான்"னு முடிச்சிருந்தாங்க.

ஈஸ்வரி ஒத்துக்கல. "இல்லண்ணே. போடிமெட்டு வளைவுல மூட்டம் எறங்குனா எங்கண்ணன் ஜீப்பை நிறுத்தி எஞ்சினை அமத்திரும். எதுத்தாப்புல வண்டிச் சத்தம் கேக்குதான்னு பாத்துட்டுதான் எடுக்கும். பின்னாடி யாராச்சும் பேசுனா, 'செத்த நேரம் வாய மூடு ஆத்தா'ன்னு வையும்."

"சரி, இந்தப் புத்தகத்துல உங்கண்ணன் எந்தப் பக்கத்துல இருக்கான்?"

"என்னது?"

"பேப்பர் திருத்துறவருக்கு அவனைத் தெரியாது. பாடத்துல ஆதாரம் காட்டு."

"அப்ப எங்கண்ணன் செஞ்சது பொய்யா?" புத்தகத்தை விட்டெறிஞ்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. தன்மையா சொன்னா என்னன்னு உங்காத்தா என்னைய வஞ்சுச்சு. நான் கேட்டதுல என்ன தப்பு, பங்காளி?

மறுநாள் காலையில ஸ்டோர் வாசல்ல புத்தகத்தோட நின்னா, கதையில ஒரு வரியைக் காட்டுனா. கப்பலை நிறுத்துன கையோட, யாரும் பேசக்கூடாதுங்கிறான் கேப்டன். ஒத்தை வரி, நோட்ஸ் போட்டவன் அதைப் படிக்கவேயில்ல. பயணக் கட்டுரையில கரை தெரியாம, மணிச் சத்தத்தை வச்சே படகைக் கொண்டு சேக்குறாங்க. ரெண்டையும் சேத்து எழுதிட்டா: அவன் பயந்து நிக்கல, காது குடுத்துக் கேக்க நின்னான். என் வாக்கியம் ஒண்ணுகூட அதுல இல்ல.

"இப்ப எங்கண்ணன் இந்தப் பக்கத்துல இருக்குதா?"ன்னு கேட்டா. கேப்டன் சொன்ன அந்த வரிக்கு அடியில பேனாவால கோடு போட்டுக் குடுத்தேன்.

பரிச்சை இன்னும் நடக்கல. ஆனா பாஸாயிருவா, எழுதி வச்சுக்க. பதினொண்ணாவது சேக்கப் போறன்னிக்கு உங்காத்தாவுக்கு லீவு கிடைக்குதோ இல்லியோ, நான் போறேன். கூட யாரு வந்திருக்கான்னு கேட்டா, அண்ணன்னு சொல்லிக் கையெழுத்துப் போடுவேன்.

உன் வீட்டுல ஒருத்தன்,
பங்காளி குமரேசன்